கத்தி மேல தப்பில்லைன்னு சொல்ற கனவான்களுக்கு

டிஸ்கி: நீளமான பதிவு. கும்மி அடிக்க வந்த மக்கள்ஸ் அடுத்த பதிவுக்குக் காத்திருக்கவும். ஆப்பிள் ரசிகர்கள் ஒரு டம்ளர் தண்ணி குடிச்சுட்டு ஆரம்பிக்கவும் :-)

"கத்தியால காய்கறியும் நறுக்கலாம், கழுத்தையும் அறுக்கலாம். அதுக்காக கத்தியைத் தடை பண்ணிடுவீங்களா?"

இந்த வசனத்தை இந்த ஒரு மாசத்துல மட்டும் நாலு பதிவுல படிச்சுட்டேன். நாலுமே ப்ளூடூத் டேக் பத்தின பதிவுங்க. அதாங்க, சாவிக்கொத்துல, சூட்கேஸ்ல, பர்ஸுக்குள்ள போட்டு வெக்கிற பட்டன் சைஸ் சமாச்சாரம். ஏர்டேக், டைல், ஸ்மார்ட்டேக்னு ஆளாளுக்கு ஒரு பேரு. எழுதின நாலு பேரும் நான் தவறாம படிக்கிற பதிவர்கள், அதனால பேரு வேணாம். அதுல ஒருத்தர் மட்டும் ஒரு படி மேல போய், "வீட்டுப் பொம்பளைங்க ஹேண்ட்பேக்ல ஒண்ணு போட்டு வைங்க, சொல்லணும்னு கூட அவசியமில்லை, நாட்டு நிலைமை அப்படி"ன்னு அறிவுரை வேற குடுத்திருந்தார். அவருக்குப் பின்னூட்டம் போடலாம்னுதான் உக்காந்தேன். பின்னூட்டப் பொட்டி பத்தலை.

மொதல்ல இந்தக் கத்திக் கதையை முடிச்சுடுவோம்.

கத்திக்கு நெட்வொர்க் கிடையாது சாமி. ஒருத்தன் கத்தியை எடுத்தா அது அவன் கை, அவன் பலம். ரோட்டுல போற நம்ம எல்லாரோட கையையும் நமக்கே தெரியாம கடன் வாங்கிக்கிட்டு வேலை செய்யற கத்தி ஒண்ணு இருந்தா காட்டுங்க, அப்புறம் உதாரணம் சொல்லலாம்.

ஏர்டேக்குக்குள்ள ஜிபிஎஸ் கிடையாது. சிம் கிடையாது. அதுக்குத் தான் எங்க இருக்கோம்னே தெரியாது. ஒரு சிஆர்2032 பேட்டரி, ஒரு ப்ளூடூத் சிப்பு, ஒரு குட்டி ஸ்பீக்கர், அவ்ளோதான் முக்கிய சரக்கு. அது பாட்டுக்கு "நான் இங்க இருக்கேன், நான் இங்க இருக்கேன்"னு ஒரு பப்ளிக் கீயைக் கத்திக்கிட்டே இருக்கும். பக்கத்துல போற எவனோ ஒருத்தனோட ஐஃபோன் அதைக் கேட்டு, தான் நிக்கிற இடத்தை ஜிபிஎஸ்ல பாத்து, அந்தக் கீயாலயே பூட்டி, ஆப்பிள் சர்வருக்கு அனுப்பிடும். திறக்கிற சாவி டேக்கோட ஓனர்கிட்ட மட்டும்தான். ஆப்பிளாலயே படிக்க முடியாது. பொட்டி தட்டுறவனா சொல்றேன், ரொம்ப அழகான டிசைன். யாரு அனுப்பினாங்கன்னு ஓனருக்குத் தெரியாது, என்ன அனுப்பினோம்னு அனுப்பினவனுக்கே தெரியாது. அந்த அழகுலதான் நிறைய பேரு மயங்கிக் கெடக்கிறாங்க.

ஆனா வேலை செஞ்சது யாரு? தி.நகர் ரங்கநாதன் தெருவுல ஒரு பொண்ணு நடந்து போறா, அவ பையில எவனோ போட்ட டேக் இருக்குன்னு வைங்க. அவளைத் தாண்டிப் போற ஐஃபோன்காரங்க அத்தனை பேரும் அவனுக்கு ஒற்றன். சம்பளம் கிடையாது, சொல்லிக்கவும் இல்லை. இந்தச் செட்டிங் வாங்கும்போதே ஆன்ல இருக்கும், நாமா தேடிப் போய் அணைச்சாத்தான் உண்டு. எத்தனை பேரு அணைச்சிருக்கோம்? 2021-ல ஆப்பிள் பெருமையா சொன்ன கணக்கு, கிட்டத்தட்ட 100 கோடி சாதனங்கள். 2024 ஏப்ரல்ல கூகுளும் ஆண்ட்ராய்டுக்கு இதே மாதிரி நெட்வொர்க்கை மொதல்ல அமெரிக்கா, கனடாவுல ஆரம்பிச்சு, அவங்களும் 100 கோடிக்கு மேலன்னாங்க. நியாயமா ஒண்ணு சொல்லணும். கூகுள்காரங்க இதுல கொஞ்சம் பயந்து பயந்துதான் காலை வெச்சாங்க. ஒரே ஒரு ஃபோன் பாத்தா போதாது, பல ஃபோன் பாத்தாதான் இடத்தைக் காட்டுவோம்னு ஆரம்பத்துலேயே வெச்சாங்க. உடனே "கூகுள் நெட்வொர்க் சொதப்பல், ஆப்பிள்தான் டாப்பு"ன்னு விமர்சனம் எழுதினது யாருன்னு நினைக்கிறீங்க? நாமதான்.

29 டாலருக்கு (நம்மூர்ல வந்தப்ப 3,190 ரூபாய்) ஆப்பிள் வித்தது அந்த வெள்ளைப் பொத்தானை இல்லை. நம்ம பாக்கெட்டுல இருக்கிற ஃபோனை, நம்மளைக் கேக்காம வாடகைக்கு விட்டாங்க. அதனாலதான் இதுல எனக்கும் உங்களுக்கும் கேள்வி கேக்கற உரிமை இருக்குங்கறேன். கத்திக்கடைக்காரன்கிட்ட கேக்க முடியாத கேள்வி இது.

"ஜிபிஎஸ் டிராக்கர் அந்தக் காலத்துலேயே இருந்துச்சே?" இருந்துச்சு. சிம் போடணும், மாசாமாசம் காசு கட்டணும், அடிக்கடி எடுத்து சார்ஜ் போடணும், சைஸும் பெருசு. பொண்டாட்டி ஹேண்ட்பேக்ல அதை ஒளிச்சு வெச்சு, சார்ஜ் போடறதுக்கு நைட்டு நைட்டு எடுத்தா மாட்டிக்குவான். இது ஒரு தடவை போட்டா ஒரு வருஷம் ஓடும். சோம்பேறிக்கும் சந்தேகப்பிராணிக்கும் நடுவுல இருந்த சுவரை இடிச்சுட்டாங்க.

டைல் கம்பெனி 2013-லேயே பொதுமக்கள்கிட்ட காசு திரட்டி இதே மாதிரி டேக்கை ஆரம்பிச்சது. அப்ப ஏன் இவ்ளோ கலாட்டா இல்லைன்னா, அதுக்கு அந்த ஆப்பை வெச்சிருக்கிறவன்தான் ஒற்றன். ஆளு கம்மி, வலை ஓட்டை. ஆப்பிள் 2021 ஏப்ரல்ல இறங்கினப்ப வலை மொத நாளே உலகம் பூரா ரெடியா இருந்துச்சு. அவங்களுக்கு ஆபத்து தெரியாமலும் இல்லை. "தேவையில்லாம யாராவது உங்களைப் பின்தொடர்ந்தா எச்சரிக்கை வரும்"னு பெருசா விளம்பரம் பண்ணிக்கிட்டுதான் வந்தாங்க. எச்சரிக்கை யாருக்கு? ஐஃபோன் வெச்சிருக்கிறவங்களுக்கு. ஆண்ட்ராய்டுக்காரங்களுக்கு? ஓனரை விட்டு மூணு நாள் பிரிஞ்சிருந்தா அதுவே பீப் பீப்னு கத்தும், காது இருந்தா கேட்டுக்கோ.

வாஷிங்டன் போஸ்ட்ல ஜெஃப்ரி ஃபௌலர்னு ஒரு டெக்னாலஜி எழுத்தாளர், 2021 மே மாசமே தன்னைத் தானே பின்தொடர வெச்சு சோதிச்சுப் பாத்தார். மூணு நாள் கழிச்சு வந்தது சுமார் 60 டெசிபல்ல 15 செகண்ட் கீச்சொலி. ஸ்பீக்கர் இருக்கிற பக்கத்தை அமுக்கிப் பிடிச்சா அதுவும் அடங்கிடுது. இன்னொண்ணும் அவர் எழுதினார், அதை மட்டும் ஞாபகம் வெச்சுக்கங்க, பின்னாடி வருவேன்: அந்த மூணு நாள் கடிகாரம், ஓனரோட ஃபோன் பக்கத்துல டேக் வந்தா மறுபடி பூஜ்யத்துலேருந்து ஆரம்பிக்கும்.

அப்புறம் நடந்ததெல்லாம் ஒட்டுப்போடற வேலை. 2021 ஜூன்ல மூணு நாளை 8-லேருந்து 24 மணி நேரமாக் குறைச்சாங்க. டிசம்பர்ல ஆண்ட்ராய்டுக்கு ஒரு ஆப் விட்டாங்க. என்ன விசேஷம்னா அது தானா தேடாது. நீங்களா டவுன்லோட் பண்ணி, நீங்களா திறந்து, நீங்களா பட்டனை அமுக்கணும். சந்தேகம் வந்தவங்களுக்குத்தான் சாமி தரிசனம். சந்தேகமே வராதவங்க எதுக்குங்க பட்டனை அமுக்கப் போறாங்க? ஜெர்மனியில டார்ம்ஸ்டாட் பல்கலைக்கழகத்துப் பசங்க அதுக்கு நாலு மாசம் முன்னாடியே, 2021 ஆகஸ்ட்ல, பின்னணியில தானா தேடற ஏர்கார்டுங்கற ஆப்பை இலவசமா விட்டுட்டாங்க. உலகத்துலேயே பணக்காரக் கம்பெனிக்கு அது வரலையாம், நம்புங்க.

ஆண்ட்ராய்டுல ஏர்டேக்குக்குத் தானா எச்சரிக்கை வர ஆரம்பிச்சது 2023 ஜூலைக் கடைசியில. ஆப்பிளும் கூகுளும் பேசி ஒரு பொது விதிமுறையை 2023 மே மாசம் தாக்கல் பண்ணி, அது ரெண்டு பக்கமும் அமலுக்கு வந்தது 2024 மே, ஐஓஎஸ் 17.5-ல. கணக்கு போடுங்க. ஏர்டேக் கடைக்கு வந்து ஆண்ட்ராய்டுக்காரங்களுக்குத் தானா எச்சரிக்கை வர 27 மாசம். நம்ம ஆபீஸ்ல ப்ரொடக்ஷன்ல ஒரு சீரியஸ் பக் 27 நாள் திறந்து கெடந்தா மேனேஜர் நம்மளைத் தொங்க விட்டுருவார். இங்க 27 மாசம். இந்தியா மாதிரி நூத்துக்குத் தொண்ணூறு பேருக்கு மேல ஆண்ட்ராய்டு வெச்சிருக்கிற ஊருக்கு இதுக்கு என்ன அர்த்தம்? உளவு பாக்கறவன் ஐஃபோன் வாங்கற வசதி உள்ளவன். உளவு பாக்கப்படறவங்களுக்கு பாதுகாப்பு கெடையாது. அவ்ளோதான் அர்த்தம்.

இந்த 27 மாசமும் டெஸ்டிங் பண்ணது யாரு? 2022 ஏப்ரல்ல அமெரிக்காவுல வைஸ் பத்திரிகை எட்டு காவல் துறைகள்கிட்டேருந்து ஆவணங்களை வாங்கிப் பாத்தது. ஏர்டேக் பேர் வர்ற புகார் 150. அதுல 50 புகார், "யாரோட டேக்கோ என்கூட வருது"ன்னு எச்சரிக்கை வந்து பயந்து கூப்பிட்ட பெண்கள். அந்த 50-ல பாதி பேருக்கு யாருன்னு சந்தேகமே இல்லை: முன்னாள் காதலன், புருஷன், மேலதிகாரி. முகம் தெரியாத எவனோ இல்லைங்க. இது வெறும் எட்டு ஊரு காவல் துறை. ஆம்பளைங்க மட்டும்தான் செய்யறாங்கன்னு நான் சொல்லலை. 2022 ஜூன்ல இண்டியானாபொலிஸ்ல ஒரு பொண்ணு காதலனை ஏர்டேக் வெச்சுத் தொடர்ந்து போய், ஒரு பார் வாசல்ல கார் ஏத்திக் கொன்னதா வழக்கு. சந்தேகத்துக்கு ஆண்பால் பெண்பால் கிடையாது.

இப்ப அந்தக் கடிகாரத்துக்கு வர்றேன்.

இந்தப் பாதுகாப்பு ஏற்பாடு முழுக்க ஒரு சினிமா வில்லனை மனசுல வெச்சு கட்டினது. தொப்பி போட்டவன் ஒருத்தன், பார்க்கிங்ல பதுங்கி வந்து காருக்கு அடியில டேக் ஒட்டிட்டு எங்கயோ போயிடறான். ஓனர் தூரத்துல, டேக் உங்ககிட்ட. சரி, அவனை இந்த ஏற்பாடு பிடிக்கலாம். ஆனா ஓனர் அதே வீட்டுல தூங்கறவனா இருந்தா? தினம் சாயங்காலம் அவ வீட்டுக்கு வர்றா, டேக்கும் கூடவே வருது, அவன் ஃபோன் பக்கத்துல வந்துருது. பிரிஞ்சிருந்த கணக்கு ரத்து. மறுநாள் காலையில புதுசா ஆரம்பம். எட்டு மணி நேரத்துக்கும் 24 மணி நேரத்துக்கும் நடுவுல என்னைக்கோ ஒரு நாள் ஆபீஸ் மேஜைக்கு அடியில அது கத்தினா உண்டு, இல்லைன்னா இல்லை. அவ ஃபோன்ல எச்சரிக்கை வரலாம்தான். ப்ளூடூத்தை அணைச்சு வெச்சிருந்தா (சார்ஜ் மிச்சம்னு நம்ம அம்மாக்கள் பாதிப் பேரு அப்படித்தான்) அதுவும் வராது.

போன தீபாவளி சமயம், எங்க டீம்ல ஒருத்தன் டீக்கடையில வெச்சு சொன்னான்.

"ஸ்கூட்டி சீட்டுக்கு அடியில ஒண்ணு போட்டுட்டேன் மச்சி. ஆபீஸ்லேருந்து கிளம்பிட்டாளா, வழியில எங்க நிக்கிறா, எல்லாம் இங்கேருந்தே தெரியுது."

"அவங்களுக்குத் தெரியுமாடா?"

"தெரிஞ்சா கோவப்படுவா. சேஃப்டிக்குத்தானே மச்சி."

கோவப்படுவான்னு தெரிஞ்சு, சொல்லாம செய்யற காரியத்துக்கு எந்த ஊருல சேஃப்டின்னு பேரு? அப்படியே கேட்டேன். "கல்யாணம் ஆனா உனக்கும் புரியும்"னு தோளைத் தட்டிட்டு ரெண்டாவது டீ சொன்னான். நல்லவன்தான். பிளட் டொனேஷன் கேம்ப்னா மொத ஆளா நிப்பான். மோசமானவன்னு நெத்தியில எழுதியிருந்தா எல்லாருக்கும் சுலபமா இருக்கும், பிரச்சினையே அதுதான்.

சரி, அந்தப் பொண்ணு ஃபோன்ல எச்சரிக்கை வந்துருச்சுன்னே வைங்க. "ஒரு ஏர்டேக் உங்களோட பயணிக்குது." சீட்டைத் திறந்து எடுத்துட்டாங்க. அப்புறம்? "வண்டி திருடு போயிரக் கூடாதுன்னு நான்தான் போட்டேன், இதுக்கு ஏன் குதிக்கிற? மறைக்க என்ன இருக்கு உனக்கு?" பதில் சொல்ல முடியாத கேள்வி. எடுத்துப் போட்டா குத்தம் உள்ளவ. போடாம விட்டா காலத்துக்கும் அவன் திரையில ஒரு புள்ளி. எச்சரிக்கை குடுத்ததோட கம்பெனி வேலை முடிஞ்சுது, பொறுப்பு பூரா அவ தலையில இறக்கி வெச்சாச்சு. தோழியைப் பாக்கறதா, வக்கீலைப் பாக்கறதா, அம்மா வீட்டுக்குப் போறதா, எதுவா இருந்தாலும் இனிமே அனுமதி வாங்கணும். அவன் வாயால ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதில்லை.

"திருட்டைப் பிடிக்க உதவுதே"ங்கறது அடுத்த வாதம். இதுல ஒரு வேடிக்கை பாருங்க. உங்க வண்டியைத் திருடினவனும், உங்களால பின்தொடரப்படறவளும், டேக்கோட பார்வையில ஒரே ஆளுதான். ரெண்டு பேருமே "ஓனர் இல்லாம டேக்கோட நகர்றவங்க". அவளுக்கு எச்சரிக்கை குடுத்தா திருடனுக்கும் குடுத்தாகணும். திருடனுக்கு மறைச்சா அவளுக்கும் மறைச்சதுதான். ரெண்டுல ஒண்ணைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். ஆப்பிள் ரெண்டுக்கும் நடுவுல மதில் மேல் பூனை. டைல் கம்பெனி 2023 பிப்ரவரியில தைரியமா ஒரு பக்கம் தாவுச்சு: திருட்டுத் தடுப்பு முறைன்னு ஒண்ணு, அதைப் போட்டா டைல் யாரு தேடினாலும் கண்ணுல படாது. தப்பா பயன்படுத்த மாட்டேன்னு அடையாள அட்டை குடுக்கணும், நீதிமன்றத்துல குத்தவாளின்னு தீர்ப்பானா 10 லட்சம் டாலர் அபராதம்னு ஒப்பந்தம். குத்தம் நிரூபணமாகணும்னா அவ மொதல்ல டேக்கைக் கண்டுபிடிக்கணும், அதைத்தான் மறைச்சாச்சே! இந்த அறிவைத் திருப்பிப் போட்டு யோசிக்க அந்த மீட்டிங் ரூம்ல ஒருத்தர் கூட இல்லையா? அப்புறம் இந்தத் திருடங்களும் சும்மா இல்லை. கனடாவுல யார்க் வட்டார போலீஸ் 2021 டிசம்பர்லேயே எச்சரிச்சுது: மால் பார்க்கிங்ல நிக்கிற நல்ல கார்ல ஏர்டேக்கை ஒட்டி, வீடு வரைக்கும் தொடர்ந்து போய் ராத்திரி ஓட்டிட்டுப் போறாங்கன்னு. திருட்டைத் தடுக்க வந்த டேக்கு ;-)

நம்ம செட்டு ஆளுங்களுக்காக ஒரு வார்த்தை. "அப்டேட் வந்துட்டே இருக்கு, சரியாயிடும்"னு நினைக்கிறீங்களா? ஸ்பீக்கரைப் பிடுங்கின 'சத்தமில்லா ஏர்டேக்' 2022-லேயே ஆன்லைன்ல விலைக்கு வந்துது. அதே மாசம் பாசிட்டிவ் செக்யூரிட்டிங்கற ஜெர்மன் ஆளுங்க சொந்தமா ஒரு போலி டேக் செஞ்சு, 2,000 கீயை மாத்தி மாத்திக் கத்த விட்டு, ஒரு ஐஃபோன்காரரை (அவர் சம்மதத்தோடதான்) அஞ்சு நாளுக்கு மேல தொடர்ந்தாங்க. ஒரு எச்சரிக்கை கூட வரலை. 2025-ல ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்துக்காரங்க, உங்க கம்ப்யூட்டரையே உங்களுக்குத் தெரியாம ஏர்டேக் மாதிரி கத்த வைக்கலாம்னு காட்டிட்டாங்க. நெட்வொர்க் எவன் கத்தினாலும் கேக்கும். கத்தறது நிஜ டேக்கான்னு அது பாக்கறதில்லை. அடியில இருக்கிற டிசைனே அப்படி. ஒட்டுப்போட்டு எவ்ளோ நாள் ஓட்டுவீங்க?

சட்டம் இருக்கேன்னு சொல்றவங்களுக்கு. 2013-ல இந்திய தண்டனைச் சட்டத்துல 354-டி வந்துச்சு, 2024 ஜூலை 1-லேருந்து அது பாரதிய நியாய சன்ஹிதாவுல 78ஆவது பிரிவு. படிச்சுப் பாருங்க, ரெண்டே ரெண்டு விஷயம்தான். ஒண்ணு, விருப்பமில்லைன்னு தெளிவா காட்டின பிறகும் ஒரு பெண்ணைப் பின்தொடர்ந்து, பழகறதுக்காக மறுபடி மறுபடி தொடர்பு கொள்றது அல்லது முயற்சி பண்றது. ரெண்டு, அவ இணையம், மின்னஞ்சல் மாதிரி மின்னணுத் தகவல் தொடர்பைப் பயன்படுத்தறதைக் கண்காணிக்கிறது. இப்ப ஸ்கூட்டி சீட்டுக்கு வாங்க. அவன் பழக முயற்சி பண்ணலை, ஏற்கனவே புருஷன். அவ இணையத்தைக் கண்காணிக்கலை, வண்டியைத்தான். எந்த வரியில அவனை மாட்டுவீங்க? வக்கீல் பதிவர்கள் இருந்தா பின்னூட்டத்துல என்னை அடிங்க, சந்தோஷமா வாங்கிக்கறேன். 2024-ல ஜியோ கூட 1,499 ரூபாய்னு டேக் இறக்கியாச்சு. விலை கீழ வந்தாச்சு, சட்டம் 2013-லேயே நிக்குது.

டேக்கைத் தடை பண்ணுங்கன்னு நான் கேக்கலை. பொட்டியில போடுங்க, சாவியில போடுங்க, ஏர்போர்ட்காரன் தொலைச்ச சூட்கேஸைக் கண்டுபிடிச்சு அவன் மூஞ்சியில காட்டுங்க, கை தட்டறேன். என் ஃபோனை ஒற்றனாக்கறதுக்கு முன்னாடி என்னைக் கேளு, அது மொத விஷயம். கேட்டா நிறைய பேரு மாட்டேன்னு சொல்லுவாங்க, வலை ஓட்டையாகும், வியாபாரம் படுக்கும், அதனாலதான் கேக்கலை. ஓனர் பக்கத்துல வந்ததும் பழைய கணக்கை அழிக்காதே, அது அடுத்தது. நேத்து, முந்தாநாள், போன வாரம் எந்த டேக் என்கூட எவ்ளோ தூரம் வந்துதுன்னு என் ஃபோன் எனக்கு ஒரு பட்டியல் காட்டட்டும். ஓனர் பக்கத்துல இருக்கும்போது டேக் தன் அடையாளத்தைக் கால் மணிக்கொரு தரம் மாத்திக்கும், அப்ப அடையாளம் பிடிக்கிறது கஷ்டம்னு டெக்னிக்கலா பதில் வரும், தெரியும். ஓனரோட அந்தரங்கத்தைக் காப்பாத்தறதுக்காகத்தான் அந்த ஏற்பாடு. அதாவது, காசு குடுத்தவனோட அந்தரங்கத்துக்குக் கால் மணி நேரத்துக்கு ஒரு தரம் பூட்டை மாத்தத் தெரிஞ்சவங்க, பையில தெரியாம சுமக்கறவளுக்கு 15 செகண்ட் கீச்சொலி குடுத்தாங்க.

"வீட்டுப் பொம்பளைங்க பையில போட்டு வைங்க"ன்னு எழுதின நண்பரே, உங்க மேல கோவம் இல்லை. ஒரே ஒரு வேண்டுகோள். மொதல்ல உங்க பர்ஸ்ல ஒண்ணு போட்டு, அதோட லாகினை உங்க வீட்டம்மாகிட்ட குடுங்க. ஒரு மாசம் கழிச்சு அடுத்த பதிவு எழுதுங்க. வந்து மொத பின்னூட்டம் நான் போடறேன்.

பி.கு. 1: ஆண்ட்ராய்டு 6-க்கு மேல இருந்தா செட்டிங்ஸ்ல 'சேஃப்டி அண்ட் எமர்ஜென்சி'க்குள்ள, தெரியாத டிராக்கர் எச்சரிக்கைன்னு ஒண்ணு இருக்கும். அங்கேயே கையால தேடவும் செய்யலாம். ப்ளூடூத் ஆன்ல இருக்கணும். உங்க ஃபோன்ல மட்டும் பாத்துட்டு நிறுத்தாதீங்க, அக்கா தங்கச்சி ஃபோன்லயும் பாருங்க.

பி.கு. 2: ஏர்டேக் கிடைச்சா உடனே உடைச்சுப் போடாதீங்க. என்எஃப்சி உள்ள எந்த ஃபோனையும் அதோட வெள்ளைப் பக்கத்துல வெச்சா ஒரு பக்கம் திறக்கும். சீரியல் நம்பரும், ஓனரோட ஃபோன் நம்பர்ல கடைசி நாலு எண்ணும் வரும். ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்கங்க, போலீஸ் கேட்டா அந்த சீரியலை வெச்சு ஆப்பிள்கிட்ட ஆளைப் பிடிக்க முடியும். அப்புறம் ஸ்டீல் மூடியை அமுக்கி இடப்பக்கமா திருகினா பேட்டரி வெளிய வரும். ஆனா பேட்டரியை எடுத்த நிமிஷத்துலேருந்து அவன் திரையில புள்ளி நகராது, கண்டுபிடிச்சுட்டாங்கன்னு அவனுக்குத் தெரிஞ்சுரும். அவன் கை நீட்டற ஆளா இருந்தா, மொதல்ல பத்திரமான எடத்துக்குப் போயிட்டு, கூட ஒரு ஆளை வெச்சுக்கிட்டு எடுங்க. பெண்களுக்கான உதவி எண் 181.